எல்லாத் திருத்தமும் ‘யூசர்’ பெயரில்: வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களுள் ஆறு, வேர்ட் கோப்புகளில் திருத்தங்களைப் பதிவுசெய்யும் ‘ட்ராக் சேஞ்சஸ்’ வசதியையும் அத்திருத்தங்களின் மேல் விழும் பெயர்களையும் பற்றியவையாக இருந்தமையால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு அவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். மெனுப் பெயர்கள் ஆங்கில வேர்டில் உள்ளவாறே தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன.

கேள்வி: ஐயா, எங்கள் கமக்காரர் அமைப்பின் யாப்பைத் திருத்துவதற்கு நால்வர் கொண்ட குழுவொன்றை அமைத்தோம். கோப்பு இரண்டு கணினிகளுக்கிடையே மாறி மாறிப் போய் வந்தது. காலபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு முன் அதைத் திறந்து பார்த்தால், எல்லாத் திருத்தங்களும் ஒரே நிறத்தில் ‘யூசர்’ என்ற பெயரில் நிற்கின்றன. வாய்க்கால் துப்புரவுக்கு ஏக்கருக்கு அறவிடும் தொகையை மாற்றியது யார் என்று கேட்டால் நால்வரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். யார் எதைத் திருத்தினார் என்று இனிப் பிரித்தறிய முடியுமா?
– செயலாளர், மல்லாவி

பதில்: பெயரைக் கொண்டு பிரிக்க முடியாது. நேரத்தைக் கொண்டு ஓரளவு பிரிக்கலாம். பழைய பிரதிகள் கையில் இருந்தால் பெருமளவு பிரிக்கலாம்.

தனக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் யார் என்பது வேர்டுக்குத் தெரியாது. அந்தக் கணினியில் உள்ள வேர்டின் அமைப்புகளுக்குள் ‘யூசர் நேம்’ என்றொரு பெட்டி உண்டு. அதற்குள் என்ன எழுதியிருக்கிறதோ அதையே ஒவ்வொரு திருத்தத்தின் மேலும் ஒட்டிக்கொண்டு போகும். கணினியை விற்ற கடையில் விண்டோஸை நிறுவியவர் அவசரத்தில் ‘யூசர்’ என்று அடித்துவிட்டுத் தந்திருப்பார். உங்கள் இரண்டு கணினிகளிலும் அதே சொல் இருந்திருக்கிறது. ஆகவே வேர்டின் கணக்கில் உங்கள் குழுவில் இருந்தவர் ஒருவர்தான், அவருக்கு ஒரே நிறந்தான். இதற்கு நேர்மாறாகவும் நடப்பதுண்டு. ஒருவரே வீட்டுக் கணினியில் தம் முதலெழுத்துக்குப் பின் புள்ளி வைத்தும், அலுவலகக் கணினியில் புள்ளி இல்லாமலும் பெயரை எழுதி வைத்திருந்தால், வேர்ட் அவரை இரண்டு பேராகக் காட்டும்.

இனி மீட்புக்கு வருவோம். ஒரு திருத்தத்தின் மேல் சுட்டியைச் சற்று நிறுத்தினால் பெயருடன் திகதியும் நேரமும் தோன்றும். ‘ரிவியூ’ பகுதியில் உள்ள ‘ரிவியூயிங் பேன்’ என்பதைத் திறந்தால் எல்லாத் திருத்தங்களையும் ஒரே பட்டியலாகப் பார்க்கலாம். கோப்பு எந்த நாட்களில் எவரிடம் இருந்தது என்பது குழுவினருக்கு நினைவிருந்தால், அந்த நாட்களுடன் இவற்றைப் பொருத்திப் பார்க்கலாம். ஆனால் ஒன்றை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்: பழைய மேசைக்கணினிகளின் உள்ளே இருக்கும் சிறிய வட்ட மின்கலம் செத்துவிட்டால், மின்சாரம் நின்று வந்த ஒவ்வொரு தடவையும் கணினியின் திகதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். அத்தகைய கணினியில் பதிந்த நேரத்தை நம்பி எவரையும் கேள்வி கேட்க முடியாது.

இதைவிட உறுதியான வழி, குழுவினர் ஒருவருக்கொருவர் வட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பிய இடைப்பட்ட பிரதிகள்தாம். தலைவருக்குப் போகுமுன் இருந்த பிரதி ஒன்றும், அவரிடமிருந்து திரும்பி வந்த பிரதி ஒன்றும் கிடைத்தால் போதும். ‘ரிவியூ’ பகுதியில் ‘கொம்பெயர்’ என்பதைத் தெரிவுசெய்து, முதலாவதை மூலமாகவும் இரண்டாவதைத் திருத்திய பிரதியாகவும் கொடுங்கள். அப்பெட்டியிலேயே ‘லேபல் சேஞ்சஸ் வித்’ என்று ஓர் இடம் இருக்கும். அதில் தலைவரின் பெயரை எழுதுங்கள். இரு பிரதிகளிலும் ஏற்கெனவே உள்ள திருத்தங்களை ஏற்றுக்கொள்ளப்பட்டவையாகக் கருதிக்கொள்வதாக வேர்ட் ஓர் அறிவிப்பைக் காட்டும், அதற்குச் சம்மதியுங்கள். இரண்டுக்கும் இடையில் மாறியவை மட்டும் தலைவரின் பெயரில் புதிய ஆவணமொன்றில் விழும். இவ்வாறு ஒவ்வொருவருக்கும் செய்தால், அந்த ஏக்கர் தொகை எந்தக் கட்டத்தில் மாறியது என்பது தெரிந்துவிடும்.

அடுத்த முறைக்கு: ‘பைல்’, ‘ஒப்ஷன்ஸ்’, ‘ஜெனரல்’ என்ற வழியில் சென்றால் ‘யூசர் நேம்’, ‘இனிஷியல்ஸ்’ என்னும் இரண்டு பெட்டிகளைக் காண்பீர்கள். பெயரை எழுதியபின், அவற்றின் கீழே ‘ஆல்வேஸ் யூஸ் தீஸ் வேல்யூஸ்’ என்று தொடங்கும் வரிக்கு எதிரே சரிக்குறி இடவேண்டும். இல்லாவிட்டால், மைக்ரோசொப்ட் கணக்கொன்றின் மூலம் உள்நுழைந்திருக்கும் கணினியில் அந்தக் கணக்குக்குரியவரின் பெயரே மேலோங்கும். வெளிநாட்டு உறவினர் தாம் பாவித்த மடிக்கணினியை அனுப்பிவைப்பது நம் பக்கத்தில் வழக்கமல்லவா? நான் கைவைத்த ஒரு கோயில் மலரின் மெய்ப்பு முழுவதும், கிளிநொச்சியை ஒருநாளும் பார்த்திராத ஒரு மருமகனின் பெயரில் திருத்தப்பட்டு வந்து சேர்ந்தது.

பெயரை எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடாகிய யூனிகோட்டில் எழுதுங்கள். ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் கொடுக்கும் பழைய பாமினி எழுத்துருவுக்குப் பழகிய கை, இந்தப் பெட்டிக்குள்ளும் பாமினி விசைப்பலகையிலேயே தட்டிவிடும். ஆனால் பெட்டிக்குள் பாமினி எழுத்துரு இல்லாமையால், உங்கள் பெயர் ஆங்கில எழுத்துகளாகவும், புள்ளி வைத்த எழுத்து வரும் இடமெல்லாம் அரைப்புள்ளியாகவும் எல்லோருடைய திரையிலும் தோன்றும். பொதுக் கணினியானால் ஒவ்வொருவரும் உட்காரும்போது பெயரை மாற்றிவிட்டு, ஒரு சொல்லைத் தட்டி, அதன்மேல் சுட்டியை வைத்துப் பெயர் சரிதானா என்று பார்த்தபின் வேலையைத் தொடங்குவது நல்லது. பெட்டியில் பெயரை மாற்றினால் பழைய திருத்தங்களின் பெயரும் மாறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மாறாது, அந்த மாற்றம் அதன்பின் செய்யும் திருத்தங்களுக்கு மட்டுமே.

கேள்வி: என் ஆய்வறிக்கையை மேற்பார்வையாளர் திருத்தும்போது அவருடைய பெயர் சரியாகத் தெரிகிறது. சேமித்து மூடித் திறந்தால் அவர் பெயரும் என் பெயரும் மறைந்து எல்லாம் ‘ஆதர்’ ஆகிவிடுகின்றன. அவருடைய கணினியிலும் அப்படியே நடக்கிறது. வைரஸா?
– மாணவி, அறிவியல்நகர், கிளிநொச்சி

பதில்: வைரஸ் அன்று. உங்கள் கோப்பில் எவரோ ஒரு தடவை ‘பைல்’, ‘இன்போ’, ‘செக் போர் இஷூஸ்’, ‘இன்ஸ்பெக்ட் டொகியுமன்ட்’ என்ற வழியில் சென்று தனிப்பட்ட விபரங்களை அகற்றியிருக்கிறார். பெயர் மறைத்து மதிப்பீட்டுக்கு அனுப்பவேண்டிய கட்டுரைகளுக்கு இது பயனுள்ள வசதிதான். ஆனால் அதைச் செய்தவுடன், ‘ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் பெயர்களை நீக்கு’ என்ற கட்டளையும் அந்தக் கோப்புக்குள்ளேயே பதிந்துவிடுகிறது. கட்டளை கணினியில் இல்லாமல் கோப்பில் இருப்பதனாலேயே, அது போகும் இடமெல்லாம் பெயர்களை விழுங்கிக்கொண்டு போகிறது.

‘பைல்’, ‘இன்போ’ பக்கத்தில் ‘அலவ் திஸ் இன்பர்மேஷன் டு பி சேவ்ட் இன் யுவர் பைல்’ என்று ஓர் இணைப்பு இருக்கும். அதை அழுத்திச் சேமித்தால் போதும். ‘ட்ரஸ்ட் சென்டர்’ அமைப்புகளில் ‘பிரைவசி ஒப்ஷன்ஸ்’ பகுதிக்குச் சென்று, சேமிக்கும்போது தனிப்பட்ட விபரங்களை அகற்றச் சொல்லும் சரிக்குறியை எடுத்துவிட்டாலும் அதே பலன்தான். இனி விழும் பெயர்கள் நிற்கும். ஏற்கெனவே ‘ஆதர்’ ஆகிவிட்டவை திரும்பி வரமாட்டா. ஆகவே பெயர் நீக்கும் வேலையை எப்போதும் ஒரு பிரதியில் செய்துவிட்டு, மூலக் கோப்பைத் தொடாமல் வைத்திருங்கள்.

கேள்வி: நான் மொழிபெயர்ப்பு மெய்ப்புப் பார்ப்பவன். என் மடிக்கணினி பழுதானதால் மூன்று நாட்கள் தம்பியின் கணினியில் வேலை செய்தேன். அறுபது பக்க அறிக்கையில் நான் செய்த திருத்தங்களெல்லாம் தம்பியின் பெயரில் இருக்கின்றன. வேலை தந்தவர்களிடம் அப்படியே கொடுத்தால், வேலையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டேன் என்று நினைப்பார்கள். திரும்பவும் திருத்தாமல் பெயரை மட்டும் மாற்ற இயலுமா?
– வாசகர், வவுனியா

பதில்: இயலும். ஆனால் அதற்கென்று வேர்டில் ஒரு பொத்தானைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். மேக்ரோ, அதாவது வேர்டுக்குள் தானாக இயங்கும் சிறு நிரல், எழுதத் தெரிந்த நண்பர் ஒருவர் முயன்றாலும் பாதியில் நின்றுவிடுவார். ஓரத்துக் கருத்துரைகளின் பெயரை மாற்ற வேர்ட் மேக்ரோவை அனுமதிக்கிறது, திருத்தங்களின் பெயரையோ வாசிக்க மட்டுமே விடுகிறது.

கோப்பில் உங்களுடைய திருத்தங்கள் மட்டுமே இருந்தால், மேலே மல்லாவி வாசகருக்குச் சொன்ன ‘கொம்பெயர்’ முறையே எளிது. இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றில் எல்லாத் திருத்தங்களையும் நிராகரியுங்கள். மற்றதில் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒப்பிட்டு, உங்கள் பெயரை அதற்குரிய இடத்தில் எழுதுங்கள். மூன்று நாட்களில் செய்த திருத்தங்கள் அனைத்தும் ஒப்பிட்ட அந்த நிமிடத்தின் நேரத்தைத் தாங்கி வரும் என்பதும், கருத்துரைகள் தம்பியின் பெயரிலேயே தங்கிவிடும் என்பதும் இதன் குறைகள்.

நேரமும் கெடாமல், கருத்துரைகளும் சேர்ந்து மாறவேண்டுமானால் இரண்டாவது வழி உண்டு. இதற்குச் சற்று நிதானம் வேண்டும். கோப்பை ‘சேவ் ஆஸ்’ மூலம் ‘வேர்ட் எக்ஸ்.எம்.எல். டொகியுமன்ட்’ என்னும் வகையில் சேமித்து, வேர்டை மூடிவிட்டு, சேமித்ததை ‘நோட்பேட்’ செயலியில் திறவுங்கள். ஆவணம் முழுவதும், அதன் எழுத்துகளும் ஒழுங்கமைப்புக் குறிகளும் கலந்து, ஒரே நீண்ட கயிறாகக் கிடக்கும்; பயப்படவேண்டாம். ஒவ்வொரு திருத்தத்தின் தொடக்கத்திலும் ‘ஆதர்’ என்ற ஆங்கிலச் சொல்லும், அதையடுத்துச் சமக்குறியும், அதன்பின் இரட்டை மேற்கோளுக்குள் தம்பியின் பெயரும் இருப்பதைக் காண்பீர்கள். தேடி மாற்றும்போது பெயரை மட்டும் கொடுக்காமல், ‘ஆதர்’ என்ற சொல், சமக்குறி, மேற்கோள்கள் ஆகியவற்றையும் சேர்த்து முழுத் தொடராகக் கொடுங்கள். இதில் கவனம் தவறினால், அறிக்கையின் நன்றியுரையில் தம்பியின் பெயருடைய வேறொருவர் இருந்தால் அவரும் உங்கள் பெயருக்கு மாறிவிடுவார். புதிய பெயருக்குள் இரட்டை மேற்கோளோ, ஆங்கிலத்தில் ‘அன்ட்’ என்பதற்குப் பதிலாக இடும் வளைந்த குறியோ வரக்கூடாது. வந்தால் கோப்பு திறக்காது. மாற்றியதைச் சேமித்து, வேர்டில் திறந்து சரிபார்த்தபின், மறுபடி வழக்கமான வேர்ட் கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். கருத்துரைகளின் முதலெழுத்துகள் ‘இனிஷியல்ஸ்’ என்ற பெயரில் தனியாக இருக்கும். அவற்றையும் அவ்வாறே மாற்றவேண்டும்.

உங்கள் வேலையை உங்கள் பெயருக்குக் கொண்டுவருவதில் எந்தத் தவறும் இல்லை. இருந்தாலும் நானாயின், அறுபது பக்கத்துக்கும் இந்தச் சத்திரசிகிச்சையைச் செய்யாமல், ‘தம்பியின் கணினியில் செய்தமையால் பெயர் அவ்வாறு விழுந்துள்ளது’ என்று மின்னஞ்சலில் ஒரு வரி எழுதி அனுப்பியிருப்பேன்.

கேள்வி: பாடசாலை ஆண்டு மலருக்கு வந்த கட்டுரையொன்றைப் பாமினியிலிருந்து யூனிகோட்டுக்கு மாற்றினேன். இப்போது கட்டுரை முழுவதும் சிவப்பாகி, ஒவ்வொரு வரியும் அடிக்கப்பட்டுப் புதிதாக எழுதப்பட்டதுபோல என் பெயரில் நிற்கிறது. கட்டுரையாசிரியர் என்னோடு கோபித்துக்கொண்டார்.
– ஆசிரியை, புதுக்குடியிருப்பு

பதில்: அவருடைய கோபத்தில் நியாயம் உண்டு, நீங்கள் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை என்பதும் உண்மை. பாமினியில் எழுதிய தமிழ், கணினியைப் பொறுத்தவரையில் தமிழே அன்று; தமிழ் உருவம் போர்த்திய ஆங்கில எழுத்துகள். ஆகவே மாற்றத்தின்போது ட்ராக் சேஞ்சஸ் இயங்கிக்கொண்டிருந்தால், கட்டுரை முழுவதையும் நீக்கிவிட்டுப் புதிதாக வேறொன்றை எழுதியதாகவே வேர்ட் பதிந்துகொள்கிறது.

மூலப் பிரதியை எடுத்து, ட்ராக் சேஞ்சஸை நிறுத்திவிட்டு யூனிகோட்டுக்கு மாற்றுங்கள். அதன்பின் நீங்கள் மெய்யாகவே செய்த சொற்றிருத்தங்கள் உள்ள பிரதியில் எல்லாத் திருத்தங்களையும் ஏற்றுக்கொண்டு, இரண்டையும் ஒப்பிட்டால், திருத்திய ஒற்றுப்பிழைகளும் சந்திகளும் மட்டும் உங்கள் பெயரில் எஞ்சும். அந்தப் பிரதியைக் கட்டுரையாசிரியரிடம் காட்டுங்கள்.

கேள்வி: வேர்ட் வாங்கப் பணம் இல்லாமல் லிப்ரே ஒபிஸ் பாவிக்கிறேன். என் திருத்தங்கள் ‘அன்நோன் ஆதர்’ என்று போகின்றன. கூகுள் டொக்ஸிலும் இப்படி ஆகுமா?
– வாசகர், மாங்குளம்

பதில்: லிப்ரே ஒபிஸில் ‘டூல்ஸ்’, ‘ஒப்ஷன்ஸ்’ வழியாகச் சென்று ‘யூசர் டேட்டா’ பக்கத்தில் பெயரை நிரப்புங்கள், அது வெறுமையாக இருப்பதே காரணம். கூகுள் டொக்ஸ் இத்தகைய பெட்டி எதையும் கேட்பதில்லை, உள்நுழைந்த கணக்கின் பெயரையே எடுத்துக்கொள்ளும். அலுவலகம் முழுவதும் ஒரே ஜிமெயில் கணக்கைப் பாவித்தால், அங்கேயும் நீங்கள் எல்லோரும் ஒரே ஆள்தான்.

கேள்வி: எங்கள் கிராமச் சங்கத்தின் வரவு செலவு அறிக்கையில் ஒரு தொகை மாற்றப்பட்டிருக்கிறது. அந்த மாற்றத்தின் மேல் என் பெயர் இருக்கிறது. நான் அதைச் செய்யவில்லை. அன்று நான் ஊரிலேயே இல்லை. கூட்டத்தில் ‘கணினி பொய் சொல்லுமா?’ என்று கேட்கிறார்கள். நான் என்ன பதில் சொல்வது?
– முன்னாள் பொருளாளர், முல்லைத்தீவு மாவட்டம்

பதில்: அம்மா, கணினி பொய் சொல்லவில்லை, சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிச் சொல்கிறது. மேலே உள்ள பதில்களை வாசித்தவர் எவருக்கும், அந்தப் பெட்டியில் எவரும் எந்தப் பெயரையும் அரை நிமிடத்தில் எழுதலாம் என்பதும், கணினியின் திகதியை மாற்றலாம் என்பதும், சேமித்து முடிந்த கோப்பில்கூடப் பெயரை மாற்றலாம் என்பதும் விளங்கியிருக்கும். திருத்தத்தின் மேல் நிற்கும் பெயர் நம்பிக்கையுள்ளவர்களுக்கிடையே வேலையை இலகுவாக்கும் ஓர் அடையாளம். சாட்சியாக அதனால் நிற்க முடியாது. ட்ராக் சேஞ்சஸை எவரும் நிறுத்தாதபடி கடவுச்சொல் இட்டுப் பூட்டும் ‘லொக் ட்ராக்கிங்’ வசதியின் பெட்டியிலேயே, இது பாதுகாப்பு ஏற்பாடு அன்று என்று வேர்ட் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது.

ஆனாலும் எவரோ வேண்டுமென்றே உங்கள் பெயரை எழுதினார் என்று உடனே முடிவுசெய்துவிட வேண்டாம். நீங்கள் பொருளாளராக இருந்த காலத்தில் சங்கக் கணினியில் உங்கள் பெயரை எழுதியிருந்தீர்களா? எழுதியிருந்தால், பதவியை ஒப்படைத்தபோது கணக்குப் புத்தகத்தையும் திறப்பையும் கொடுத்தீர்கள், பெயரை எடுக்கவில்லை. அதன்பின் அந்தக் கதிரையில் உட்கார்ந்த ஒவ்வொருவரும் தம்மையறியாமலேயே உங்கள் பெயரில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நான் பார்த்த இத்தகைய பிணக்குகளுள் பெரும்பாலானவற்றுக்கு இதுவே காரணம்.

அடுத்த கூட்டத்துக்கு அந்தக் கணினியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எல்லோர் முன்னிலையிலும் வேர்டைத் திறந்து, ‘பைல்’, ‘ஒப்ஷன்ஸ்’, ‘ஜெனரல்’ என்று சென்று பெட்டியைக் காட்டுங்கள். உங்கள் பெயர் அங்கே இருந்தால், சங்கத் தலைவரைக் கணினியில் உட்காரவைத்து ஒரு சொல்லைத் தட்டச் சொல்லுங்கள். அவர் தட்டியது உங்கள் பெயரில் விழுவதைக் கூட்டமே பார்க்கட்டும். தொகையைப் பற்றிய கேள்விக்கு விடை பற்றுச்சீட்டுகளிலும், முந்திய கூட்டத்தில் கையொப்பமிட்டு அச்சுப் பிரதியாக வைத்திருக்கும் அறிக்கையிலும் இருக்கிறது. அவற்றைக் கேட்டு வாங்குங்கள். எழும்புமுன் பெட்டியிலிருந்து உங்கள் பெயரை அழித்துவிட்டு, ‘சங்கக் கணினி’ என்று எழுதிவிடுங்கள்.